காந்தத் தயக்கம்: பாடநூல் விளக்கமும் போடி மலைச்சரிவின் இரண்டு அளவீடுகளும்

தயக்கம் என்பது ஒரு பொருளின் நிலை, அதன் மீது இப்போது செயல்படும் விசையை மட்டுமன்றி, அந்த விசையை அது எந்த வழியாக வந்தடைந்தது என்பதையும் சார்ந்திருக்கும் பண்பாகும். இரும்பில் இது காந்தத் தயக்கம் எனப்படும். ரப்பர், மரம், காகிதம், தானியம், எடைக்கருவியின் எஃகு எனப் பல பொருள்களில் இதே பண்பு வெவ்வேறு வடிவில் உண்டு. அளவீடு செய்பவருக்கு இது பெரிய தொல்லை. கருவி காட்டும் ஒரே எண்ணுக்கு இரண்டு பொருள் இருக்கலாம்.

தமிழ்நாட்டு மாணவர் இதை முதலில் சந்திப்பது பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் பாடநூலின் காந்தவியல் அலகில். 2019-20 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்த அந்நூல் தயக்கக் கண்ணியை ஒழுங்காக வரைந்து காட்டுகிறது. காந்தத் தேக்குத்திறன், காந்த நீக்குத்திறன் ஆகியவற்றை வரையறுக்கிறது. கண்ணியின் பரப்பே ஒரு சுற்றில் வீணாகும் ஆற்றல் என்கிறது. பிறகு நிலைக்காந்தம், மின்காந்தம், மின்மாற்றி உள்ளகம் மூன்றுக்கும் எந்தப் பொருள் ஏற்றது என்று சொல்லி முடித்துவிடுகிறது. சொன்னவற்றில் பிழை இல்லை. குறை சொல்லாமல் விட்டதில் இருக்கிறது. தயக்கம் உள்ள பொருளை வைத்து ஒன்றை அளக்க நேர்ந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் அமர்ந்து இப்பாடத்தைப் படிக்கும் மாணவருக்கு இந்தக் குறை கூடுதலாகத் தெரியும். ஊருக்கு மேற்கே எழும் மலைச்சரிவில் இக்கேள்வி இரண்டு இடங்களில் கண்முன் நிற்கிறது. ஒன்று, பொட்டிபுரம் மலைக்குள் வைக்கத் திட்டமிடப்பட்ட 50,000 டன் காந்தம். மற்றொன்று, மலையிலிருந்து இறங்கும் ஏலக்காய் மூட்டை.

பின்தங்குதல் என்ற விளக்கம்

காந்தத் தூண்டல், காந்தமாக்குப் புலத்துக்குப் பின்தங்கிச் செல்வதே தயக்கம் என்று பாடநூல்கள் விளக்குகின்றன. இதன் வேர் பழையது. ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் ஆல்ஃபிரட் யூயிங், டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 1880-களின் தொடக்கத்தில் ஹிஸ்டெரிசிஸ் என்ற சொல்லை உருவாக்கினார். பின்னால் இருத்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை எடுத்தார். தமிழில் தயக்கம் என்று ஆக்கியவர்கள் அந்தப் பொருளைத்தான் பின்பற்றினார்கள். சொல் அழகானது, நிலைத்தும் விட்டது. அதை மாற்ற வேண்டியதில்லை.

சிக்கல் விளக்கத்தில் இருக்கிறது. தயங்குபவர் சற்றுப் பொறுத்தால் வந்து சேர்ந்துவிடுவார். பின்தங்கிய வண்டியும் காத்திருந்தால் வந்துவிடும். ஆகவே மாணவர் தயக்கத்தைக் கால தாமதம் என்று எடுத்துக்கொள்கிறார். மின்னோட்டத்தை மெதுவாக மாற்றினால் கண்ணி மறைந்துவிடும் என்று எண்ணுகிறார். நடப்பது அப்படியில்லை. மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் குறைத்தாலும் இரும்பு ஏறிய பாதையில் இறங்குவதில்லை. சுழியில் நிறுத்திவிட்டு மறுநாள் வந்து பார்த்தாலும் எஞ்சிய காந்தம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். யூயிங்கும் காலத்தைச் சார்ந்த தாமதத்தை வேறு விளைவாகவே ஆராய்ந்தார். இரும்பின் காந்தப் பகுதிகளைப் பிரிக்கும் சுவர்கள் நகரும்போது, உலோகத்திலுள்ள மாசுகளிலும் குறைகளிலும் சிக்கிக்கொள்கின்றன. விடுவிக்கக் கூடுதல் புலம் வேண்டும். அந்தச் சிக்கல் பொறுத்திருப்பதால் அவிழ்வதில்லை. பின்தங்குதல் என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், வந்த வழியின் நினைவு இரும்பில் தங்கிவிடுகிறது என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும்; பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

படமும் ஒரு குறையைச் சுமக்கிறது. ஒரு பொருளுக்கு ஒரே கண்ணி என்பது போல அது வரையப்படுகிறது. உண்மையில் தெவிட்டு நிலை வரை கொண்டுபோனால் ஒரு கண்ணி, பாதி வழியில் திரும்பினால் உள்ளே சிறிய கண்ணி, அதிலும் பாதியில் திரும்பினால் இன்னும் சிறியது என்று எண்ணற்ற கண்ணிகள் உண்டு. இவற்றைக் கணக்கில் கொண்டுவரும் மாதிரி ஒன்றை ஹங்கேரியரான பிரைசாக் 1935-இல் வெளியிட்டார். மிகச் சிறிய ஆயிரக்கணக்கான ஆளிகள், ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் ஏறி வெவ்வேறு இடத்தில் இறங்குபவை என்று இரும்பைக் கற்பனை செய்வது அது. அதன் தலைகீழ்க் கணக்கை வைத்து, இன்றைய நுண்நகர்வுக் கருவிகளில் தயக்கத்தை முன்கூட்டியே ஈடுசெய்கிறார்கள். பள்ளிப் பாடத்துக்கு இவ்வளவு தேவையில்லைதான். ஆனால் கண்ணிக்குள் கண்ணி உண்டு என்பதை ஒரு படத்தில் காட்டியிருக்கலாம்.

பொட்டிபுரத்துக் காந்தம்

இந்திய நியூட்ரினோ ஆய்வகம் முதலில் நீலகிரியின் சிங்காராவில் அமைவதாக இருந்தது. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய இடம் என்பதால் 2009-இல் அது மறுக்கப்பட்டு, திட்டம் போடி மேற்கு மலைக்கு வந்தது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில் மத்திய அமைச்சகம் மீண்டும் அனுமதி வழங்கியது. தமிழ்நாடு அரசு 2022-இல் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைத் தெரிவித்தது. காடு, பாறை வெடிப்பு, நீர்நிலை, அணைகள் பற்றிய கேள்விகள் தனியே நிற்பவை. தயக்கத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

திட்டத்தைப் பற்றித் தமிழில் நிறைய எழுதப்பட்டது. அறிவியல் விளக்கமாக வந்தவற்றுள் பெரும்பாலானவை உலகின் மிகப் பெரிய காந்தம் என்ற தொடரோடு நின்றுவிட்டன. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்திலுள்ள சி.எம்.எஸ். கருவியின் 12,500 டன் காந்தத்தைவிட நான்கு மடங்கு எடை என்ற ஒப்பீடு திரும்பத் திரும்ப வந்தது. அவ்வளவு இரும்புக்குள் புலம் எவ்வளவு இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வார்கள் என்று கேட்டவர் குறைவு. ஆய்வின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

வடிவமைப்பின்படி அந்தக் கருவி மூன்று கூறுகளாக அமையும். ஒவ்வொன்றும் 16 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம், 14.5 மீட்டர் உயரம். 5.6 செ.மீ. தடிப்புள்ள மென் இரும்புத் தகடுகள் 151 அடுக்காக, இடையில் 4 செ.மீ. இடைவெளி விட்டு அடுக்கப்படும். இடைவெளிகளில் மின்னூட்டத் துகள் கடந்தால் சைகை தரும் கண்ணாடித் தட்டு உணரிகள், ஏறத்தாழ 30,000. வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோ இரும்பில் மோதினால் மியூவான் பிறக்கும். காந்தப்புலத்தில் நேர்மின் மியூவான் ஒரு பக்கமும் எதிர்மின் மியூவான் மறுபக்கமும் வளையும். நியூட்ரினோ வந்ததா, எதிர்நியூட்ரினோ வந்ததா என்பதை இந்த வளைவுதான் சொல்லும். வளைவின் ஆரம் உந்தத்தைச் சொல்லும். நியூட்ரினோக்களின் நிறை வரிசையைக் கண்டறியும் திட்டம் இந்த இரண்டையும் நம்பியிருக்கிறது.

கணக்கு எளிது. ஜிகா எலக்ட்ரான் வோல்ட் அலகில் உந்தம் என்பது புலத்தையும் மீட்டரில் ஆரத்தையும் பெருக்கி, 0.3-ஆல் மீண்டும் பெருக்கியது. 1.3 டெஸ்லா புலத்துக்குச் செங்குத்தாகச் செல்லும் 2 அலகு உந்தமுள்ள மியூவானின் ஆரம் 5 மீட்டருக்குச் சற்று மேல். உணரிகள் ஆரத்தைத்தான் பார்க்கின்றன, புலத்தைப் பார்ப்பதில்லை. புலத்தை 5 விழுக்காடு குறைத்து எண்ணினால் வளைவிலிருந்து பெறும் உந்தமும் 5 விழுக்காடு குறையும்.

புலத்தைக் கணக்கிட, கம்பிச்சுருளில் ஓடும் மின்னோட்டத்தை அளந்தால் போதாதா என்று கேட்கலாம். காற்றுச் சுருளுக்குப் போதும். இரும்புக்குப் போதாது. ஒரே மின்னோட்டத்தை மேலேறும்போது எட்டினால் ஒரு புலம், உச்சத்திலிருந்து இறங்கி எட்டினால் வேறொரு புலம். பாடநூல் பக்கம் பக்கமாக ஒப்பிடும் மென் இரும்பு, வன் எஃகு வேறுபாடு இங்கே ஓரளவு கைகொடுக்கும். மென் இரும்பின் கண்ணி ஒல்லியானது. அத்துடன், தெவிட்டு நிலையை நெருங்கும்போது கண்ணியின் இரண்டு கிளைகளும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொள்கின்றன. ஆகவே உயர் மின்னோட்டத்தில் வேலை செய்தால் தயக்கத்தின் பங்கு சிறுத்துவிடும். இரும்பைப் பயன்படுத்துவோர் தெவிட்டு நிலைக்கு அருகில் நிற்க விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். பாடநூல் தெவிட்டு நிலையைக் குறிப்பிடுகிறது. அங்கே நிற்பதால் கிடைக்கும் இந்த ஆதாயத்தைக் குறிப்பிடவில்லை.

அடுத்தது அளக்கும் முறை. தகட்டைச் சுற்றி ஒரு தேடுசுருளைச் சுற்றி வைத்தால், புலம் மாறும்போது அதில் மின்னழுத்தம் தோன்றும். அதைத் தொகுத்தால் புலம் எவ்வளவு மாறியது என்று கிடைக்கும். கவனிக்க வேண்டியது: கிடைப்பது மாற்றம் மட்டுமே. தொடங்கும்போது இரும்பில் எஞ்சியிருந்த புலம் எவ்வளவு என்று சுருளுக்குத் தெரியாது. எடுத்துக்காட்டாக, இறுதிப் புலம் 1.30 டெஸ்லா, முன்பே எஞ்சியிருந்தது 0.10 என்று வைத்துக்கொள்வோம். சுழி மின்னோட்டத்திலிருந்து உச்சத்துக்குப் போனால் சுருள் 1.20 என்று சொல்லும். அதை நம்பினால் உந்தத்தில் 8 விழுக்காட்டுக்கு அருகில் பிழை.

இதற்கான மருந்து யூயிங் காலத்திலிருந்தே உண்டு. மின்னோட்டத்தை நேர் உச்சத்துக்கும் எதிர் உச்சத்துக்கும் சில முறை மாற்றி மாற்றிக் கொண்டுபோய்க் கண்ணியைச் சமச்சீராக்க வேண்டும். பிறகு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திருப்பி, கிடைத்த மாற்றத்தைப் பாதியாக்க வேண்டும். மேற்சொன்ன இரும்பில் மாற்றம் 2.60, பாதி 1.30. எஞ்சிய புலம் எவ்வளவு என்று தெரியாமலேயே அது கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. முன்பு எறிநிலைக் கால்வனோமீட்டரை வைத்துக் கல்லூரி ஆய்வகங்களில் செய்த சோதனையின் சாரம் இதுதான். கால்வனோமீட்டர் பழசாகிப் பாடத்திலிருந்து நீங்கியது சரி. அதோடு இந்தச் சூட்சுமமும் நீங்கியது நட்டம்.

மற்றொரு வழி, ஹால் உணரி. அது மாற்றத்தை அல்ல, நிற்கும் புலத்தையே காட்டும். ஆனால் இரும்புக்குள் அதை நுழைக்க முடியாது. மதுரையில் முன்னோட்டமாக நிறுவப்பட்ட 85 டன் சிறு காந்தத்தில் 11 இரும்பு அடுக்குகள் உள்ளன. அங்கே ஓர் அடுக்கின் தகடுகளுக்கிடையே சில மில்லிமீட்டர் இடுக்கு விட்டு, அதில் ஹால் உணரிகளைச் செருகிப் புலத்தை அளந்தார்கள். இடுக்கின் முகத்துக்குச் செங்குத்தான புலக்கூறு இரும்பிலிருந்து காற்றுக்குள் மாறாமல் தொடரும் என்பதால் இது செல்லும். இடுக்குக்கு ஒரு பக்க விளைவும் உண்டு: கண்ணியைச் சாய்த்து, எஞ்சும் காந்தத்தைக் குறைத்துவிடும். பாடநூல் தேக்குத்திறனைப் பொருளின் பண்பாக மட்டும் சொல்கிறது. அதே இரும்பை மூடிய வளையமாக வைத்தால் ஓர் அளவும், குட்டையான துண்டாக வைத்தால் மிகக் குறைந்த அளவும் எஞ்சும் என்பது மாணவருக்குத் தெரிவதில்லை. ஹால் உணரிக்கும் வெப்பநிலையால் நகர்வு உண்டு, சுழிப்பிழை உண்டு. ஒரு நோயைத் தீர்க்க வந்த மருந்தின் நோயையும் அளவீட்டாளர் தீர்த்தாக வேண்டும்.

ஏலக்காய் மூட்டையின் ஈரம்

காந்தத்தைப் போடியில் பார்த்தவர் இல்லை. ஏலக்காயைப் பார்க்காதவர் இல்லை. பறித்த பச்சைக்காயின் எடையில் ஏறத்தாழ 80 விழுக்காடு நீர். உலர்த்தும் கூடத்தில் 45 முதல் 55 டிகிரி செல்சியசில் ஒரு நாளளவு வைத்து, 10 விழுக்காட்டளவுக்கு இறக்குகிறார்கள். அங்கிருந்து மூட்டை போடிமெட்டு வழியாகக் கீழே இறங்கி, நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலத்துக்கு வருகிறது. நிறம், பருமன், லிட்டர் எடை ஆகியவற்றோடு ஈரமும் பார்க்கப்படுகிறது. ஈரம் கூடினால் பூஞ்சை பிடிக்கும்; எடையும் பொய்யாகும். மிகக் காய்ந்தால் காய் வெடிக்கும். விவசாயிக்கு எடை போகும். ஒரு விழுக்காட்டு ஈரம் என்பது நூறு கிலோ மூட்டையில் ஒரு கிலோ காயின் விலை.

நுண்துளைகள் நிறைந்த எந்தத் தாவரப் பொருளும் சுற்றிலுள்ள காற்றோடு ஈரத்தைப் பரிமாறும். அதே காற்று, அதே வெப்பம் என்றாலும், ஈரத்திலிருந்து காய்ந்து வந்த பொருள் கூடுதல் நீரையும், மிகக் காய்ந்த நிலையிலிருந்து ஈரம் ஏற்ற பொருள் குறைந்த நீரையும் வைத்துக்கொள்ளும். வாய் குறுகி வயிறு பெருத்த மைக்கூட்டைப் போன்ற துளைகளில் நீர் நுழையும் அழுத்தமும் வெளியேறும் அழுத்தமும் ஒன்றல்ல என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. பெயர் மாறினாலும் இது தயக்கக் கண்ணியே. கிடைமட்டத்தில் காந்தமாக்குப் புலத்துக்குப் பதில் காற்றின் ஈரப்பதம். செங்குத்தில் காந்தத் தூண்டலுக்குப் பதில் காயின் நீர். மாணவர் அச்சுகளின் பெயரை மாற்றி எழுதினால் அதே படம்.

மேற்குச் சரிவின் மழையில் கிடந்த மூட்டையும், மழை மறைவான போடியின் வறண்ட காற்றில் கிடந்த மூட்டையும் ஒரே கிடங்கில் பக்கம் பக்கமாக வைக்கப்பட்டால், பல நாள் கழித்தும் ஈரம் சமமாகிவிடும் என்று சொல்ல முடியாது. மூட்டைக் காற்றின் ஈரப்பதத்தை அளந்து காயின் நீரைக் கணிக்கும் கருவி இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். மின்தேக்குத்திறனைக் கொண்டு கணிக்கும் கையடக்கக் கருவிக்கு இன்னொரு சிக்கல்: நீர் தோலில் இருக்கிறதா, உள்ளே விதையில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தும் அதன் எண் மாறும்.

ஈடுசெய்வது எப்படி? காகிதத் தொழில் இதற்கு ஒரு தெளிவான விதி வைத்திருக்கிறது. காகிதத்தைச் சோதிக்குமுன் முதலில் வறண்ட காற்றில் வைத்து, பிறகு 50 விழுக்காடு ஈரப்பதமும் 23 டிகிரியும் உள்ள அறைக்குக் கொண்டுவருவார்கள். எல்லா மாதிரியும் வறண்ட பக்கத்திலிருந்தே நடுநிலைக்கு வந்தாக வேண்டும். இரும்பை முன்னும் பின்னும் சுழற்றிச் சமச்சீராக்குவதன் உறவுக்கார முறை இது. தயக்கத்தை ஒழிக்கவில்லை, எல்லோரையும் ஒரே வழியாக வரச் சொல்கிறது. ஏலக்காய்க்கு அவ்வளவு பொறுமை சந்தையில் இராது. அங்கே செல்லுபடியாகும் வழி, கணிப்பை விட்டு நீரையே எடுத்து அளப்பது. அடுப்பில் உலர்த்தி எடை பார்த்தால் வாசனை எண்ணெயும் ஆவியாகி, அதுவும் நீர்க்கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே நறுமணப் பொருள்களுக்கு டொலுயீனுடன் காய்ச்சி, வடிந்து பிரியும் நீரின் கன அளவைப் பார்க்கும் முறை தரநிலையாக உள்ளது. காய் எந்த வழியாக வந்தது என்ற கேள்வியே அதற்கு இல்லை. கையடக்கக் கருவியை இந்த முறையோடு அவ்வப்போது ஒப்பிட்டுத் திருத்தாமல் பேரத்தில் நம்புவது இரு தரப்புக்கும் நல்லதல்ல.

மூட்டையை நிறுக்கும் தராசிலும் இதே கதையின் சிறு பதிப்பு இருக்கிறது. மின்னணுத் தராசின் உள்ளே வளையும் எஃகோ அலுமினியமோ சுமை ஏறும்போதும் இறங்கும்போதும் மிகச் சிறிது வேறுபட்டு நடக்கும். அதனால்தான் தராசைச் சோதிப்பவர்கள் படிக்கற்களை ஏற்றிக்கொண்டே போய்க் குறித்துவிட்டு, இறக்கிக்கொண்டே வந்தும் குறிக்கிறார்கள்.

வகுப்பில் செய்யக்கூடிய ஒன்று

பாடநூலில் இல்லாத சோதனை ஒன்றைச் செய்ய விலையுயர்ந்த கருவி வேண்டாம். மூட்டை தைக்கும் கோணி ஊசி ஒன்று, அதைச் சுற்றிக் காப்பிட்ட தாமிரக் கம்பியால் இருநூறு சுற்றுச் சுருள் ஒன்று, மின்கல அடுக்கு, மின்தடை மாற்றி, அம்மீட்டர், காந்த ஊசிப் பெட்டி. சுருளைக் கிழக்கு மேற்காக வைத்து, அதன் முனைக்கு நேரே ஒரு சாண் தள்ளிப் பெட்டியை வைக்க வேண்டும். மின்னோட்டத்தைப் படிப்படியாக ஏற்றி ஒவ்வொரு படியிலும் விலகலைக் குறிக்க வேண்டும். அதே படிகளில் இறக்கியும் குறிக்க வேண்டும். பாதி மின்னோட்டத்தில் இரண்டு விலகல் கிடைக்கும். சுருளின் சொந்தப் புலம் இரண்டிலும் ஒன்றே என்பதால் வேறுபாடு ஊசியினுடையது. அந்த இடத்தில் மின்னோட்டத்தைத் தொடாமல் பத்து நிமிடம் நிறுத்திப் பார்த்தால், காந்த ஊசி பழைய எண்ணுக்குத் திரும்பாமல் நிற்பது தெரியும். பிறகு திசைமாற்றியால் மின்னோட்டத்தை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டே சிறிது சிறிதாகக் குறைத்துச் சுழிக்குக் கொண்டுவந்தால், கோணி ஊசியின் காந்தம் பெரும்பாலும் போய்விடும். திருப்பாமல் நேராகக் குறைத்தால் போகாது. இரண்டையும் ஒரே பாடவேளையில் செய்து முடிக்கலாம்.